கட்சி எங்கள் கட்சி, இலக்கம் எங்கள் இலக்கம்

தேர்தல் காலம் பிறந்துவிட்டால் மலைநாட்டுத் தோட்டங்களில் முதியோருக்குத் திடீரென்று ஒரு மதிப்பு உண்டாகிவிடுகிறது. ஆண்டு முழுவதும் லயத்து வாசற்படியில் வெற்றிலை இடித்துக்கொண்டும், பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் கேட்பாரின்றி இருந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் அன்று கூட்டத்தின் முன்வரிசைக்கு அழைக்கப்படுகிறார்கள். அவர்கள் காலைத் தொட்டு வணங்குவோர் உண்டு. தோளில் சால்வை போர்த்துவோர் உண்டு. அருகில் நின்று படம் பிடித்துக்கொள்வோரும் உண்டு. ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்போர் உண்டா என்று வினவினால், அங்கேதான் நமக்குத் தயக்கம் ஏற்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பொதுத்தேர்தல் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடைபெற்ற கூட்டத்துக்கு நாமும் சென்றிருந்தோம். பிரட்டுக்களத்தில் தறப்பாள் கட்டி, பிள்ளைக்காம்பராவிலிருந்து வாங்குகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். முதியோர் யாவரும் ஒரு மணிக்கே வந்து அமர்ந்துவிட்டனர். வேட்பாளர் மூன்றரை மணிக்கு வந்தார். அவருடைய பெயரும் கட்சியும் நமக்கு இங்கே வேண்டியதில்லை. அத்தோட்டத்தார் நெடுங்காலமாகத் தங்கள் சொந்தக் கட்சியாகவே எண்ணிவந்த ஒரு கட்சியைச் சேர்ந்தவர் அவர், தலைமைக்கு வேண்டியவர் என்பதை மட்டும் அறிந்தாற் போதும்.

அவர் பேசினார். “உங்களுக்கு இந்த அரசியல் எல்லாம் விளங்காது, விளங்கவும் தேவையில்லை. உங்களுக்காக நாங்கள் யோசிக்கிறோம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். சின்னத்துக்கு ஒரு புள்ளடி, என் இலக்கத்துக்கு ஒரு புள்ளடி” என்றார். பிறகு, பாலர் வகுப்பில் வாய்பாடு சொல்லிக்கொடுப்பதுபோலத் தம்முடைய இலக்கத்தைத் தாம் முதலிற் சொல்லி, முன்வரிசையில் இருந்த முதியோரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். சிலர் சொன்னார்கள். பலர் நிலத்தைப் பார்த்தார்கள்.

அப்போது எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி எழுந்தார். கைகளைக் கூப்பினார். “ஐயா, மேட்டு லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்குங்க. மழை பேஞ்சா ராத்திரியில கண்ண மூட முடியல. எங்கள எங்க கொண்டுபோய் வைக்கப் போறீங்க?” என்று கேட்டார்.

வேட்பாளர் சிரித்தார். “நீ பயப்படாதே பாட்டி. அதையெல்லாம் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் இலக்கம் என்ன, சொல்லு பார்ப்போம்!” என்றார்.

இளைஞர் சிலர் சிரித்தனர். பாட்டி சிரிக்கவில்லை. இலக்கத்தையும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நம்முடைய வீடுகளில் பேரன் பாட்டியை ‘நீ’ என்பது உண்டு. அது பாசத்தின் உரிமை. பாட்டியின் மடியில் உறங்கியவன், அவர் கையால் உண்டவன் அந்த உரிமையைச் சம்பாதித்துக்கொண்டவன். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் இரண்டரை மணி நேரம் காக்கவைத்து வருகின்றவர் அதே சொல்லைச் சொன்னால் அது பாசமாகாது. தம் பேரன் வயதுடைய அவரைப் பாட்டி ‘ஐயா’ என்றார்; ‘போறீங்க’ என்று மரியாதையுடன் கேட்டார். அவரோ ஒரு கேள்வியைக் கேலியாக்கித் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு சொல்லில் அவர் அன்று இழந்த வாக்குகள் எத்தனை என்பதை அவர் அறிந்திருக்கமாட்டார்.

கூட்டம் கலைந்தபின் அந்தப் பாட்டியின் காம்பராவுக்குப் போனோம். சாயத்தண்ணீர் கொடுத்தார். பேச்சுவாக்கில், கட்டிலின் கீழிருந்த தகரப் பெட்டியை இழுத்து, பழைய சேலையொன்றில் சுற்றி வைத்திருந்த கடதாசி ஒன்றை எடுத்துக் காட்டினார். அது அவருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ். “இந்தக் கடதாசிக்கு எங்கப்பா காத்திருந்து செத்தாரு தம்பி. எனக்கு அரசியல் விளங்காதாமே!” என்றார்.

மாணவ நேயர்கள் இவ்விடத்தில் சற்று நின்று அந்தக் கடதாசியின் வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

இலங்கையில் 1931ஆம் ஆண்டு வரை வாக்குரிமை, குடித்தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கே இருந்தது. 1927ஆம் ஆண்டின் இறுதியில் வந்த டொனமூர் ஆணைக்குழு, ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கவேண்டும் என்று 1928இல் பரிந்துரைத்தபோது, அதனை எதிர்த்தவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பேரறிஞர்களும் இருந்தனர். கல்வியில்லாதவர் கையில் வாக்கைக் கொடுப்பது நாட்டுக்கு நன்றன்று என்பது அக்காலத்துப் பெரியவர்கள் பலருடைய எண்ணம். சிங்களத் தலைவர்களோ, தோட்டத்து இந்தியத் தமிழருக்கு அவ்வுரிமை செல்வதைத் தடுக்க முயன்றனர். அதன் பயனாக அம்மக்கள்மீது நிரந்தர வசிப்பு, எழுத்தறிவு முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. எனினும் பல்லாயிரவர் வாக்காளராயினர்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எஸ். தொண்டமான், சி. வி. வேலுப்பிள்ளை, கே. இராஜலிங்கம் முதலியோர் பாராளுமன்றம் சென்றனர். நம்முடைய பதுளை அக்காலத்தில் இரண்டு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் தொகுதி. அவ்விருவரில் ஒருவராகக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா தெரிவானார். விளங்காதவர்கள் என்று பெயர்பெற்றிருந்த அந்த மக்கள், தங்களுக்கு வேண்டியவரைத் தெரிந்தெடுக்க நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

அந்த அறிவே அவர்களுக்குப் பகையாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்பைப் பதியும் வழக்கமே சரிவர இல்லாத தோட்டங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டில் பிரஜையல்லாதார் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸின் சார்பில் ஒருவர்தானும் பாராளுமன்றம் செல்ல இயலவில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. அவற்றின் வழியே 1964ஆம் ஆண்டு வரையில் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே. பாட்டியின் தந்தை அப்படிப்பட்ட விண்ணப்பதாரர்களில் ஒருவர். இரண்டாம் முறை விசாரணைக்கு அழைக்கப்பட்டு, அதற்குப் போகுமுன்னே இறந்துபோனார்.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேருடைய கதி பின்னர் என்று மனிதர்களைத் தானியம்போல் அளந்தார்கள். 1974இல் அந்த எஞ்சியோரையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். பாட்டியின் தமையன் இந்தியக் கணக்கில் விழுந்தார். பதுளைப் புகையிரத நிலையத்தில் அவரைக் கோச்சி ஏற்றிவிட்ட நாளைப் பாட்டி சொன்னபோது குரல் தழுதழுக்கவில்லை. “அதுக்கப்புறம் பாக்கல” என்று மட்டும் சொன்னார். நாடற்றிருந்தோரில் பலருக்குப் பிரஜாவுரிமை அளித்த 39ஆம் இலக்கச் சட்டம் 1988இல் நிறைவேறிற்று. அதற்குப் பின்னும் மிஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. பாட்டி பிறந்தது 1946இல். முதன்முதலாக வாக்களித்தது 1994இல். நாற்பத்தெட்டு வயதில் கன்னிவாக்கு!

ஆகவே, ‘உங்களுக்கு விளங்காது’ என்னும் வாக்கியம் அவர்களுக்குப் புதியதன்று. 1928இல் மேன்மக்கள் சொன்னார்கள். 1948இல் ‘உங்களுக்கு இங்கே இடமில்லை’ என்று வேறொரு வடிவில் சட்டம் சொல்லிற்று. இன்று, தங்கள் கட்சியின் வேட்பாளரே, தங்கள் மொழியிலேயே, மாலையும் சால்வையுமாக வந்து அதனைச் சொல்கின்றார். பகைவன் சொன்னதைப் பொறுத்துக்கொண்ட மனம், உறவினன் சொல்லும்போது பொறுப்பதில்லை. முதியோரின் மனக்குறை இதுதான்.

நாம் விடைபெறும்போது பாட்டியிடம், “அப்படியானால் கட்சியை மாற்றப் போகிறீர்களா?” என்று கேட்டோம். “கட்சிய எதுக்கு மாத்தணும்? அது நாங்க வளத்த கட்சி. கட்சி எங்க கட்சி, இலக்கம் எங்க இலக்கம்” என்றார்.

எத்தகைய அரசியல் ஞானம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது!

அமெரிக்காவில் தேர்தலுக்கு முன்னே ஒரு தேர்தல் உண்டு. ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை அக்கட்சியைச் சார்ந்த வாக்காளர்களே வாக்களித்துத் தீர்மானிப்பர். கட்சி முதலாளிகள் மூடிய அறையில் வேட்பாளரைப் பொறுக்கும் வழக்கத்தை வெறுத்து, 1903ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலம் இதற்குச் சட்டம் செய்தது. பின்பு ஏனைய மாநிலங்களுக்கும் பரவிற்று. இந்த முன்தேர்தலில் பெருந்தலைகளும் உருண்டதுண்டு. பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக இருந்த எரிக் கான்டர் என்பவர், 2014 ஜூன் 10ஆந் தேதி வர்ஜீனியாவில் தம் சொந்தக் கட்சியின் வாக்காளராலேயே தோற்கடிக்கப்பட்டார். எதிர்த்து நின்றவர் பெரும்பாலோர் பெயர்கூட அறியாத ஒரு கல்லூரிப் பேராசிரியர். தலைநகரத்துப் பெரியமனிதராகிவிட்டவர் தொகுதியை மறந்துவிட்டார் என்ற மனக்குறை, அத்தோல்விக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

நம் நாட்டில் அத்தகைய முன்தேர்தல் இல்லை. வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமையே தயாரிக்கிறது. ஆனால் வாக்குச்சீட்டிலேயே ஒரு முன்தேர்தல் மறைந்திருக்கிறது. அதுதான் விருப்பு வாக்கு. 1978ஆம் ஆண்டு யாப்பின்படி விகிதாசார முறை வந்தபோது, பட்டியலில் யார் மேலே என்பதைக் கட்சியே வகுப்பதாக இருந்தது. 1988ஆம் ஆண்டின் 14ஆம் திருத்தம் அந்த அதிகாரத்தை வாக்காளரிடம் கொடுத்தது. 1989ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை அளித்த சட்டமும், வாக்காளருக்கு விருப்பு வாக்கை அளித்த திருத்தமும் ஒரே ஆண்டில் வந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

அதன் முறை எளியது. முதலில் கட்சியின் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி. பிறகு, அக்கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் விரும்பிய மூன்றுக்கு மேற்படாமல் புள்ளடிகள். கட்சிக்குப் புள்ளடி இல்லாவிட்டால் இலக்கத்துக்கு இட்டது செல்லாது. கட்சிக்கு மட்டும் இட்டுவிட்டு வந்தாலோ, கட்சியின் வாக்கு செல்லும். ஆனால் அக்கட்சிக்குள் யார் என்ற தெரிவைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தவராவோம். 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளை மாவட்டத்துக்கு ஒன்பது ஆசனங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் பன்னிரண்டு பெயர்கள். பன்னிரண்டில் மூன்றைப் பொறுக்கும் உரிமை எந்தத் தலைமைக்கும் உரியதன்று. லயத்துப் பாட்டிக்கு உரியது. கட்சிமேல் விசுவாசம் உள்ளவர், அவமதித்த வேட்பாளரையும் சுமக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

இந்த விருப்பு வாக்கு முறையில் குறைகளும் உண்டு. ஒரே கட்சியினர் ஒருவரையொருவர் இழுத்து விழுத்துவதும், பணத்தைக் கொட்டுவதும் இதனாலேயே என்பர். அது உண்மைதான். எனினும் நன்மையும் கண்டிருக்கிறோம். 2024 நவம்பர் 14ஆந் தேதித் தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர், பதுளையில் அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும், முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். அவர்களுடைய கட்சியை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ நம் நோக்கமன்று. பழகிய பெயர்களுக்கு வெளியேயும் புள்ளடி இட மக்களுக்குத் தெரியும் என்பதே நாம் காட்ட விரும்புவது. புதியவர்களும் நாளை பழையவர்களாவார்கள். அப்போது அவர்களிடமும் பாட்டி அதே கேள்வியைக் கேட்பார்.

நிற்க. அந்தக் கேள்விதான் என்ன? அதை நாம் மறந்துவிடலாகாது. மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது. எங்களை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

2014 செப்டெம்பர் 20ஆந் தேதி ஊவா மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. மேடைகளுக்கும் வாக்குறுதிகளுக்கும் குறைவில்லை. அடுத்த மாதம் 29ஆந் தேதி காலையில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிரோடு புதைந்தவர் பலர். அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. படித்தவர்கள் பார்த்திருந்தார்கள், எழுதியும் வைத்திருந்தார்கள். மக்களைப் பெயர்த்துக் குடியமர்த்தும் காரியத்தை முடித்துவைக்கத்தான் ஆளில்லை. தப்பியவர்களுக்கு மாற்று வீடுகள் கிடைக்க 2016ஆம் ஆண்டாயிற்று. பின்னர், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையிலும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெருந்துயருற்றது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது பாட்டியின் கேள்வியில் எங்கே அறியாமை இருக்கிறது? எந்த மழைக்கு எந்த ஓடை கலங்கும், எந்தச் சரிவில் மரங்கள் சாயத் தொடங்கியிருக்கின்றன, எந்தச் சுவரில் விரிசல் எந்த ஆண்டில் கண்டது என்பதை அந்த லயத்திலே அறுபது எழுபது ஆண்டுகள் வாழ்ந்தவரைவிட அறிந்தவர் யார்? பொறியியலாளர் அளவுகருவி கொண்டு அறிவதை அவர் ஞாபகத்தைக் கொண்டு அறிகிறார். இரண்டும் சேரவேண்டும். ‘படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற வேட்பாளர், கருவியையும் அறியார், ஞாபகத்தையும் கேளார்.

மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்காயும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும் என்பது பழமொழி. நமது வேட்பாளர்கள் பலர் கசப்பைச் சுவைக்கவே அஞ்சுகின்றனர். முதியோர் கேட்பது மாலையன்று, மறுமொழி. ‘தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்’ என்பதும் ஒரு மறுமொழிதான். அதனை மனம் திறந்து சொல்லி, பத்து நாளில் திரும்பிவந்து விவரம் கூறுகின்ற வேட்பாளருக்கு, அந்த முன்வரிசை முழுவதும் அவருடைய இலக்கத்தைக் கேளாமலே நினைவில் வைத்திருக்கும்.

வேட்பாளர்களுக்கு இவ்வளவு போதும். நம் வீட்டு மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வேட்பாளர் ஒருவர்தான் முதியோரை இப்படி நடத்துகிறார் என்று நாம் மார்தட்டிக்கொள்ள இயலாது. தேர்தலுக்கு முதல்நாள், “பாட்டி, நாளைக்கு இதுக்குப் போடு” என்று இலக்கம் எழுதிய துண்டை நீட்டும் பேரன் நம் வீடுகளிலும் இருக்கிறான். நாலு எழுத்துப் படித்துவிட்டோம் என்ற நினைப்பில் அவனும் அந்த வேட்பாளரின் மொழியையே பேசுகிறான். அப்படிச் செய்யாதீர்கள். மாதிரி வாக்குச்சீட்டைக் காட்டுங்கள். புள்ளடி எங்கே இடுவது, எத்தனை இடலாம் என்பதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். பட்டியலில் உள்ளவர்கள் யார் யார், என்ன செய்தவர்கள் என்று படித்துக் காட்டுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவேண்டாம். யாருக்கு இட்டீர்கள் என்று வந்தபின் கேட்கவும் வேண்டாம். அந்த மறைவு அவருடைய சொத்து. மாறாக, அன்று மாலை அருகில் அமர்ந்து, “முதன்முதலில் எப்போது வாக்குப் போட்டீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் வரலாறு, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் முழுதாக இருப்பதைக் காண்பீர்கள்.

அந்தத் தோட்டத்துப் பாட்டி தம் மூன்று புள்ளடிகளை எங்கே இட்டார் என்று நமக்குத் தெரியாது. நாம் கேட்கவில்லை. வாக்களிப்பு நாளன்று, விடியற்காலை மழையில், சேலைத் தலைப்பில் அடையாள அட்டையை முடிந்துகொண்டு, பேரனின் கையைப் பிடியாமல் தாமாகவே மலைப்பாதையில் இறங்கிப் போனார் என்று மட்டும் பின்னர் கேள்விப்பட்டோம்.